ஒரு விபத்தும் நடக்காத தொழிற்சாலை

அக்குறணையில், மாத்தளை வீதியை ஒட்டி நிற்கும் ஹாஷிம் ஹாஜியாரின் தளபாடத் தொழிற்சாலையில் விபத்து என்று ஒன்று நடந்ததே கிடையாது. வட்டவாள் காலையிலிருந்து பின்னேரம் வரை சுற்றும். தேக்கும் மஹோகனியும் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடக்கும். வார்னிஷ் அறையில் தின்னர் வாடை மூக்கைத் துளைக்கும். இருந்தும் அங்கே வேலை செய்த எவருக்கும் அங்கே வைத்து ஒரு சிராய்ப்புக்கூட வந்ததில்லை. வந்ததெல்லாம் அவரவர் வீட்டில்தான். வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகுதான் விரலை இழந்தார்கள், காலைச் சுட்டுக்கொண்டார்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். வீடு இத்தனை ஆபத்தான இடம் என்று தெரிந்தால் யாரும் கல்யாணமே முடிக்க மாட்டார்கள்.

இந்த அற்புதத்தை வருடக்கணக்காக நடத்திக்கொண்டிருந்தவர் மனேஜர் பஹ்மி. ஊர் மடவளை. பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி என்றால் பரிசு பஹ்மிக்குத்தான். லோயராக வருவான் என்று வாத்திமார் சொன்னார்கள். உயர்தரப் பரீட்சை முடிவு வேறு மாதிரிச் சொன்னது. கட்டாரில் ஒரு களஞ்சியத்தில் கொஞ்ச காலம் பெட்டி எண்ணிவிட்டுத் திரும்பியவரை, ஹாஜியார் சொந்தக்காரப் பொடியன் என்று கூப்பிட்டு வேலை கொடுத்தார். மரத்தைப் பற்றிப் பஹ்மிக்கு எதுவும் தெரியாது. பலாப் பலகைக்கும் வேப்பம் பலகைக்கும் வித்தியாசம் கேட்டால் விலையைச் சொல்வார். ஆனால் வாய் இருந்தது, அந்த வாய்க்கு ஹாஜியாரிடம் வேலையும் இருந்தது.

வேலையிடத்தில் ஆளுக்கு ஏதாவது ஆனால் நட்டஈடு கொடுப்பது முதலாளியின் கடமை. அந்தச் சுமையைத் தாங்கத்தான் காப்புறுதி. அதற்கு வருடா வருடம் கட்டணம் கட்ட வேண்டும். கட்டணம் எவ்வளவு என்பதைக் காப்புறுதிக் கம்பனி அந்த இடத்தின் பழைய கதையைப் பார்த்துத் தீர்மானிக்கும். முன்னைய வருடங்களில் நட்டஈடு கேட்டு ஆட்கள் வந்திருந்தால் கட்டணம் ஏறும், ஏறியது இலேசில் இறங்காது. யாருமே வரவில்லையென்றால் கட்டணத்தில் கழிவு கிடைக்கும், வருடம் போகப் போகக் கழிவும் கூடும். ஆட்களைக் காயப்படாமல் பார்த்துக்கொள்ளட்டும் என்று யாரோ ஒரு புத்திசாலி செய்த ஏற்பாடு அது. ஹாஜியாருக்கு அதில் வேறொரு புத்தி தெரிந்தது.

“தம்பி, காயம் படுறது அல்லாஹ்ட நாட்டம். அத எங்களுக்குத் தடுக்க ஏலா,” என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் பஹ்மியை உட்காரவைத்துச் சொன்னார். “ஆனா எங்க வெச்சுப் பட்டதுண்டு செல்றது எங்கட கையிலதானே ஈக்கிது.”

பஹ்மிக்கு இவ்வளவு போதுமாயிருந்தது. அன்றிலிருந்து தொழிற்சாலையில் யாராவது ‘ஐயோ’ என்று கத்தினால் முதலுதவிப் பெட்டி வருவதற்கு முன்னால் பஹ்மிதான் ஓடி வருவார். ஆளை வேனில் ஏற்றுவார், தானும் ஏறுவார், கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் கதையைச் சொல்லிக்கொடுத்து ஒப்புவிக்கவும் வைத்துவிடுவார். கட்டுகஸ்தோட்டை நெரிசலில் வேன் மாட்டிக்கொண்டால் கதைக்கு இன்னும் மெருகு ஏறும்.

கதை ஆளுக்கேற்ற மாதிரி இருக்கும், அதில் பஹ்மி கவனமானவர். அக்குறணைக்காரர் என்றால் குளியலறையில் சறுக்கி விழுந்தார். வத்தேகமப் பக்கத்துத் தோட்டத்து ஆள் என்றால் பலாமரத்திலிருந்து விழுந்தார். ஒரு கட்டத்தில் வத்தேகமையில் மரம் ஏறத் தெரிந்தவர் ஒருவராவது மிச்சமிருக்கிறாரா என்று சந்தேகம் வருமளவுக்கு ஆட்கள் விழுந்துகொண்டிருந்தார்கள்.

வார்னிஷ் அறையில் தின்னர் டின் தீப்பிடித்துப் பழனியாண்டியின் கால் வெந்தபோது பஹ்மி தன்னையே மிஞ்சிவிட்டார். பழனியாண்டி கோயிலில் தீ மிதித்தார் என்று டொக்டரிடம் சொன்னார். டொக்டர் காலைப் பார்த்தார். இடது கால் கணுக்கால் வரை வெந்திருந்தது, வலது காலில் ஒன்றுமில்லை.

“ஒரு காலாலேயா தீ மிதித்தார்?”

“மத்தக் காலுக்கு அடுத்த வருசம்தான் நேத்தி, டொக்டர்,” என்றார் பஹ்மி, கண்ணை இமைக்காமல்.

தொழிற்சாலை முழுக்க இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பழனியாண்டி சிரிக்கவில்லை. சாமி பேரில் பொய் சொன்ன குற்றம் தன் தலையில் அல்லவா விழுந்துவிட்டது? புண் ஆறியதும் காப்புக் கட்டி, விரதமிருந்து, நிஜமாகவே போய் இரண்டு காலாலும் தீ மிதித்துவிட்டு வந்தார். அங்கே அவருக்கு ஒரு கொப்புளம்கூட வரவில்லை.

வட்டவாளில் வேலை செய்த ஜெயராஜின் கதை அப்படிச் சிரிப்பாக முடியவில்லை. வட்டவாளுக்கு மேலே கையைக் காக்கும் தகரமூடி ஒன்று இருக்க வேண்டும். இருந்தது, அலுவலக அறையில் அலுமாரிக்குப் பின்னால். மூடி போட்டால் பலகை மெதுவாகத்தான் போகும் என்று பஹ்மிதான் கழற்றிவைக்கச் சொன்னார். ஒரு நாள் பலகையில் கிடந்த பழைய ஆணியில் வாள் பட்டு உதறியது, ஜெயராஜின் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. கதைப்படி அவன் வீட்டில் விறகு கொத்தும்போது வெட்டுப்பட்டது. விறகைப் பிடிக்கும் கைதானே வெட்டுப்படும், கோடரி பிடித்த கை எப்படிப் படும் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதென்று பஹ்மி அவனை வேனிலேயே இடக்கைக்காரனாக்கிவிட்டார். ஜெயராஜ் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, “நான் சின்ன வயசுல இருந்தே எடக்கைங்க, எடக்கைங்க,” என்று பாடமாக்கிக்கொண்டே போனான்.

சும்மா ஒருவரும் பொய் சொல்ல மாட்டார்கள். ஆஸ்பத்திரிச் செலவும் ஒரு மாதச் சம்பளமும் ஒரு மூட்டை கீரிச்சம்பா அரிசியும் வீடு தேடி வரும். ஹாஜியார் முதலில் இரண்டு மாதச் சம்பளம் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தார். ஹாஜியார் கல்நெஞ்சக்காரர் இல்லை. “ரெண்டு மாசம் குடுத்துப் பழக்கினா நாளைக்கு வேணுமெண்டே விழுவாங்க,” என்று ஒன்றாகக் குறைத்தவர் பஹ்மி. இதை நான் பொறுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள்.

காப்புறுதி புதுப்பித்து, கழிவும் வந்து சேர்ந்த வருடமெல்லாம் ஹாஜியார் வேலையாட்களுக்குச் சஹன் வைப்பார். ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் புரியாணி சாப்பிட வேண்டும். சாதி சமயம் பார்க்காமல் எல்லோரும் ஒரு தட்டில் கை வைக்கிறோம் என்று பஹ்மி வருடா வருடம் பேசுவார், நன்றாகவே பேசுவார். ஜெயராஜ் விரல் போன வருடமும் சஹனுக்கு வந்தான். மிச்சமிருந்த மூன்று விரலால் அள்ளினான், வாய்க்குப் போகும் முன் பாதிச் சோறு தட்டிலேயே விழுந்தது. எதிரே இருந்த பஹ்மி கோழித்துண்டு ஒன்றைப் பெருந்தன்மையாக அவன் பக்கம் தள்ளிவிட்டார்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். பஹ்மிக்குச் சறுக்கியது தொழிற்சாலையின் மேல்தட்டுக்குப் போகும் மரப்படி. ஊருக்கெல்லாம் அலுமாரியும் கட்டிலும் செய்து விற்கும் இடத்தில் சொந்தப் படியின் பலகை ஒன்று உளுத்துக் கிடந்தது. பழனியாண்டி சொன்னார், ஜெயராஜ் சொன்னான். இந்த ஓடர் முடியட்டும் என்றார் பஹ்மி. காப்புறுதி புதுப்பிக்க ஒரு மாதம் இருக்கும்போது, மேலே தேக்கு எவ்வளவு கிடக்கிறது என்று பார்க்க ஏறியவர், உளுத்த பலகையோடு சேர்ந்து கீழே வந்தார். தொடை எலும்பு முறிந்த சத்தம் வட்டவாள் சத்தத்தையும் மீறிக் கேட்டது என்று பிறகு பேசிக்கொண்டார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னதாக இருக்கலாம். பஹ்மியிடம் பழகிய ஆட்கள்தானே?

விழுந்ததைப் பக்கத்தில் நின்று கண்டவனும், அவரைத் தூக்கி வேனில் போட்டுக் கூட்டிக்கொண்டு போனவனும் ஜெயராஜ். ஆஸ்பத்திரியில், காயம்பட்டு வருகிறவர்களிடம் எங்கே, எப்படி என்று கேட்டு எழுதும் பொலிஸ்காரர் வந்தார். பஹ்மிக்கு வலியில் கண் இருண்டுகொண்டு வந்தது. கேள்வி காதில் விழுந்ததுதான் தாமதம், வாய் தானாகவே சிங்களத்தில் சொன்னது.

“கெதர, ராலஹாமி. கொஸ் கஹென் வெட்டுனா.”

வீட்டில், பலாமரத்திலிருந்து விழுந்தேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. ஜெயராஜ் கட்டிலருகே நின்று மனேஜரின் முகத்தைப் பார்த்தான். ‘சேர், இந்த வாட்டி விழுந்தது நீங்க’ என்று சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தான். அதற்குள் பொலிஸ்காரர் எழுதி முடித்து அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

பஹ்மியின் மனைவி கைரியாவுக்கு இந்தப் பலாமரக் கதை மறுநாள்தான் தெரிந்தது. அவர்கள் குடியிருப்பது மடவளையில் ஒரு கடைக்கு மேலே வாடகை வீட்டில். அந்த வீட்டில் மரம் என்று சொல்ல, தகரத்தில் வைத்த கறிவேப்பிலைச் செடி ஒன்றுதான் இருந்தது.

“நீங்க எந்த மரத்துல ஏறின?” என்றாள் கைரியா. “கல்யாணம் முடிச்ச நாள்ல இருந்து ஒரு கதிரையில ஏறி பல்பு மாத்தித் தந்தில்ல. பலாமரத்துலயாம்.”

“வாய்ல வந்திட்டுது.”

“வரும் வரும். ஊரான்ட பிள்ளையள எல்லாம் மரத்துல ஏத்தின வாய்தானே அது.”

ஹாஜியார் பழக்கூடையோடு வந்து பார்த்தார். பஹ்மியின் கையைப் பிடித்துக்கொண்டார், உண்மையாகவே கண் கலங்கினார். “அந்த நேரத்துலயும் கம்பனிய நெனச்சீங்களே தம்பி. இப்பிடி ஒரு மனிசன் எங்க கிடைக்கும்?” என்றார். பஹ்மிக்கு அந்த வலியிலும் பெருமையாக இருந்தது. தான் மனேஜர், சொந்தக்காரன், தனக்கு வேறு கணக்கு இருக்கும் என்று நம்பினார். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிச் செலவும் ஒரு மாதச் சம்பளமும் வந்தன. கீரிச்சம்பா மூட்டையைப் பழனியாண்டி தோளில் சுமந்து வந்து, மாடிப்படி ஏறி, கைரியாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். தொடையில் கம்பி வைத்தார்கள். கால் கொஞ்சம் கட்டையாகிவிட்டது, இனி ஊன்றுகோல் இல்லாமல் நடப்பது சந்தேகம் என்றார்கள். மாதங்கள் போயின. தொழிற்சாலைக்குப் புதிய மனேஜர் வந்துவிட்டார். ஹாஜியார் தொலைபேசியை எடுப்பது குறைந்து, பிறகு எடுப்பதே இல்லையென்றாகிவிட்டது. வாடகைக்குக் கைரியா தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். சட்டப்படி பஹ்மிக்கு நட்டஈடு உண்டு, ஒழுங்காகக் கிடைத்தால் கீழே ஒரு சின்னக் கடை போட்டாவது பிழைத்துக்கொள்ளலாம். அது மட்டும்தான் இனி அவருக்கு இருந்த வழி. அந்த வழியில் நடுவே நின்றது ஒரு பலாமரம்.

காப்புறுதி முகவர் ரிஸ்மியும் மடவளைக்காரன்தான். ஹாஜியாரின் காப்புறுதியை எழுதிக்கொடுத்து, வருடா வருடம் சஹனிலும் உட்கார்ந்தவன். எல்லாம் தெரிந்தும் தெரியாதது போல இருப்பதற்குத் தனித்திறமை வேண்டும், அது அவனுக்கு நிறையவே இருந்தது. பஹ்மியை அண்ணன் முறையில் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவான். நோய் விசாரிக்க வந்தவன் தேநீரைக் குடித்துக்கொண்டே சொன்னான்:

“நானா, நீங்க சின்னச் சின்ன கிளெய்ம் ஒண்டு ரெண்டு அனுப்பியிருந்தா கட்டணம் கொஞ்சம் ஏறியிருக்கும், அவ்வளவுதான். ஆனா எங்கட ஆள் ஒருத்தர் ஃபெக்டரியப் பாக்க வந்திருப்பார். வாளுக்கு மூடி போடச் செல்லியிருப்பார். அந்தப் படியையும் மாத்தச் செல்லியிருப்பார்.”

“அப்ப ஏன் ஒருத்தரும் வரல்ல?”

“ஒரு விபத்தும் நடக்காத எடத்துக்கு எனத்துக்கு நானா வாற?” என்றான் ரிஸ்மி. பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தான்.

அன்று இரவு பஹ்மி சாப்பிடவில்லை. தன் கெட்டித்தனத்தால் கம்பனிக்கு வாங்கிக்கொடுத்த கழிவெல்லாம் சேர்ந்து தன் தொடையை முறித்துவிட்டதே என்று முதன்முதலாகக் கோபம் வந்தது. யார் மேல் வந்தது என்றால், ஹாஜியார் மேல், ரிஸ்மி மேல், படி மேல். தன் மேல் வரவில்லை. எப்படியாவது, தொழிலாளர் குறைகளை விசாரிக்கும் தொழிற் கந்தோரில் முறைப்பாடு கொடுப்பது என்று முடிவு செய்தார். ஆஸ்பத்திரியில் தானே சொன்னது ஒரு பக்கம் நிற்க, படி உடைந்ததைக் கண்ணால் கண்ட ஒருவராவது வந்து சொன்னால்தான் வழக்கு நிற்கும் என்று அங்கே சொன்னார்கள். கண்டவன் ஜெயராஜ்.

ஜெயராஜ் இப்போது அந்த வேலையில் இல்லை. வத்தேகமச் சந்தையில் மரக்கறிக் கடையொன்றில் நின்றான். பஹ்மி ஓட்டோ பிடித்துப் போய், ஊன்றுகோலோடு இறங்கி, வெயிலில் நின்று கேட்டார். ஜெயராஜ் யோசித்துத்தான் பதில் சொன்னான்.

“வாறேன் சேர். பாத்தத சொல்றதுக்கு என்ன? ஆனா என் வெரலும் அங்கதான் போச்சுன்னு நீங்களும் சொல்லணும். பழனியாண்டி அண்ணன் காலும் அங்கதான் வெந்துச்சுன்னு சொல்லணும். எங்களுக்குக் காசு கெடைக்குமோ கெடைக்காதோ, அது வேற. நீங்க ஒரு வாட்டி வாயத் தொறந்து சொல்லணும்.”

“சத்தியமா செல்றன்,” என்றார் பஹ்மி. அப்போது உண்மையாகவே சொல்லத்தான் நினைத்தார்.

விசாரணை நாளில் கந்தோரின் மேல்மாடி அறையில் ஹாஜியார் வெள்ளைத் தொப்பியோடு அமைதியாக உட்கார்ந்திருந்தார். பஹ்மிக்கு ஸலாம் சொல்லி, கால் எப்படி என்று விசாரிக்கவும் செய்தார். ஜெயராஜ் கடைசிக் கதிரையில் இருந்தான். விசாரித்த அதிகாரி இராஜேஸ்வரி என்ற பெண், அவசரப்படாமல் கேட்பவர்.

பஹ்மி படி உளுத்தது, ஏறியது, விழுந்தது எல்லாம் சொன்னார். வலி மயக்கத்தில் ஆஸ்பத்திரியில் வாய் தவறிவிட்டது என்றார். பேச்சு நன்றாக இருந்தது, பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவர் அல்லவா? இராஜேஸ்வரியின் முகத்திலும் இரக்கம் தெரிந்தது. பிறகு அவர் கேட்டார்:

“நீங்க அங்க நீண்ட காலம் மனேஜரா இருந்திருக்கீங்க. இதுக்கு முதல் அந்த இடத்தில யாருக்காவது விபத்து நடந்திருக்கா? இடம் எப்படிப்பட்ட இடம் என்று நான் தெரிஞ்சுகொள்ள வேணும்.”

பஹ்மி ஜெயராஜைப் பார்க்கவில்லை. மனம் வேகமாக ஓடியது. ஆம் என்றால் ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்பார்கள். யார் மறைத்தது என்று கேட்பார்கள். இத்தனை பேரை வீட்டில் விழவைத்த பொய்யன் தன் காலைப் பற்றி மட்டும் மெய் சொல்கிறான் என்று யார் நம்புவார்கள்? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விடும். முதலில் என் விஷயம் முடியட்டும், பிறகு ஜெயராஜுக்கு எப்படியாவது ஏதாவது செய்யலாம் என்று நினைத்தார். இந்தப் ‘பிறகு’ என்ற சொல்லில் எத்தனை பேரின் விரல் புதைந்து கிடக்கிறது என்று யார் கண்டார்?

“ஒண்டும் நடக்கல்ல, மிஸ்,” என்றார். “நான் ஈந்த காலத்துல எங்கட ஃபெக்டரியில ஒரு ஆளுக்கும் ஒரு காயமும் பட்டில்ல.” அதைச் சொல்லும்போது குரலில் பழைய பெருமையும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. ஹாஜியார் மெல்லத் தலையை ஆட்டினார்.

அடுத்து ஜெயராஜைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து வந்தான். வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டிருந்தான்.

“மனேஜர் படியில இருந்து விழுந்ததை நீங்க பாத்தீங்களா?”

“இல்லைங்க மெடம். நான் ஒண்ணும் பாக்கல.”

இராஜேஸ்வரி இன்னொரு தரம் கேட்டார். இன்னொரு தரமும் அவன் அதையே சொன்னான். பஹ்மி கதிரையிலிருந்து பாதி எழுந்து, கால் இடம் கொடுக்காமல் திரும்ப உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் சொன்னது ஒன்று, இங்கே சொன்னது ஒன்று, கண்ட சாட்சி இல்லை. வேறு யாராவது இருந்தால் கொண்டுவரலாம் என்று இராஜேஸ்வரி சொன்னார். வேறு யாரும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பழனியாண்டியைக் கேட்கும் துணிச்சல் பஹ்மிக்கே கிடையாது.

ஹாஜியாரின் கார் போய்விட்டது. பஹ்மி மாடிப்படியின் உச்சியில் ஊன்றுகோலோடு நின்றுகொண்டிருந்தார். எந்தக் காலை முதலில் வைப்பது என்று தெரியவில்லை. ஜெயராஜ் அங்கேயே நின்றிருந்தான். பக்கத்தில் வந்து, மூன்று விரல் உள்ள கையால் அவரைத் தோளோடு பிடித்துக்கொண்டான்.

“மெதுவா வைங்க சேர். இந்தப் படி நல்லாத்தான் இருக்கு.”

இரண்டு படி இறங்கினார்கள். பஹ்மி அவன் பக்கம் திரும்பினார். “ஏன்டா அப்பிடிச் செய்த?” என்றார். “நான் விழுந்தத நீ கண்ணால கண்டியே. நீதானே என்னைத் தூக்கின.”

“கண்டேன் சேர்,” என்றான் ஜெயராஜ். அவன் குரலில் கோபம் இல்லை, அதுதான் பஹ்மியால் தாங்க முடியாமல் இருந்தது. “ஆனா அங்க யாருக்கும் ஒரு காயமும் படலேன்னு நீங்கதானே சொன்னீங்க? மனேஜரே சொன்ன பெறகு நான் எப்படி வேற சொல்றது?”

வெட்கப்படுவதா கோபப்படுவதா என்று பஹ்மி தீர்மானிப்பதற்குள் அடுத்த படி வந்துவிட்டது.